விரலுக்குக் கீழே என் பெயர்

இந்த நாட்டில் கையெழுத்தை யாரும் பார்ப்பதில்லை. த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியிலுள்ள ஒரு மருந்துக்கடையில் காசாளராக நின்ற மூன்று வருடங்களில் எனக்குக் கடைசிவரை பழகாமல் போனது இதுதான். அட்டையால் பணம் கட்டுகிறவர்களிடம் துண்டை நீட்டினால், பிள்ளையை அதட்டியபடியோ வெளியே நிற்கும் காரைப் பார்த்தபடியோ ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். சிலருக்கு அது வெறும் கோடு. கூரை வேலை செய்யும் மனிதர் ஒருவர் ஒவ்வொரு முறையும் சிரிக்கும் முகமொன்றை வரைந்துவிட்டுப் போவார். அட்டையின் பின்புறத்துக் கையெழுத்தோடு அதை ஒப்பிட வேண்டும் என்பது விதி. முதல் வாரம் நான் அப்படி ஒப்பிட்டுக்கொண்டு நின்றபோது, "விடு பிலோ, வரிசை வாசலைத் தாண்டிவிட்டது" என்று மருந்தாளர் என் காதுக்குள் சொன்னார். எனக்கோ கை கூசியது. என்னுடைய கையெழுத்தில் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் வாசிக்கலாம். வங்கியில் நான் அதை எழுதி முடிக்கும்வரை காத்திருந்த பெண், கலியாண அட்டை மாதிரி இருக்கிறது என்றாள். அவள் கேலி செய்தாளா பாராட்டினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எனக்கு முன்பு தன் பெயரை எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அப்பா எங்கள் ஊரான பேசாலையில் கடல் தொழில் செய்தவர். அம்மா கருவாட்டு வாடியில் மீன் வெட்டியவர். அண்ணன் அன்ரன் ஒன்பது வயதில் படகேறிவிட்டான். கடைசியாகப் பிறந்த என்னை மட்டும் கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் அம்மாவோடு சண்டை பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தெருவில் எந்தப் பத்திரமென்றாலும் பெரியவர்கள் இடது பெருவிரலை மையில் தொட்டு வைப்பார்கள். அந்த விரல் இன்னாருடையதுதான் என்று எழுதி, கீழே எழுத்துத் தெரிந்த ஒருவர் பெயர் வைக்க வேண்டும். பதின்மூன்று வயதிலிருந்து அந்த ஒருவர் நானாக இருந்தேன். கூப்பன் அட்டை, சங்கக் கடன், பதிவுத் தபால், எல்லாவற்றுக்கும் "பிலோமினாவைக் கூப்பிடு" என்பார்கள். சாட்சி வைக்கிற வயது எனக்கு இல்லை என்பது கிராமசேவகருக்குத் தெரியும். என் எழுத்து அவருடைய எழுத்தைவிட அழகாக இருந்தபடியால் அவர் கண்டுகொள்ளவில்லை.

அண்ணன் இங்கே அகதியாக வந்து சேர்ந்து, பிறகு என்னையும் கூப்பிட்டுக்கொண்டான். அவனுக்கு நகரத்துக்கு வெளியே புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்யும் கொட்டகையில் வேலை. நான் மருந்துக்கடையில் நின்றபடியே மாலை வகுப்புக்குப் போய்க் கணக்கியல் சான்றிதழ் ஒன்றை முடித்தேன். சென்ற வருடம் நகரத்தின் நடுவிலுள்ள ஒரு காப்புறுதி நிறுவனம் தனது கணக்குப் பிரிவில் உதவியாளர் வேலைக்கு என்னை நேர்முகத்துக்கு அழைத்தது. ஜூடித் என்ற பொறுப்பாளர் என்னோடு முக்கால் மணிநேரம் பேசிவிட்டு, வேலை எனக்குத்தான் என்று கைகொடுத்தார். பணம் புழங்கும் இடம் என்பதால் ஒரேயொரு சடங்கு பாக்கி இருந்தது. என்னுடைய கிரெடிட் ரிப்போர்ட்டை வரவழைத்துப் பார்க்க நான் சம்மதம் தர வேண்டும். சந்தோஷமாகக் கையெழுத்திட்டேன். மருந்துக்கடையில் அன்றைக்கே கேக் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் ஜூடித் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். "பிலோமினா, உன் பெயரில் ஒரு டிஃபோல்ட் இருக்கிறது. உனக்குத் தெரியுமா?" கட்ட வேண்டியதைக் கட்டத் தவறுவதுதான் டிஃபோல்ட். அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதிப் பரீட்சையில் நான் இரண்டு புள்ளி வாங்கியிருக்கிறேன். வேறு யாரோ பிலோமினாவாக இருக்கும் என்றேன். பிறந்த திகதியும் என்னுடையதுதான் என்றார். மருத்துவக் கட்டணமொன்று, கடன் வசூலிக்கும் நிறுவனத்திடம் போயிருக்கிறது, அதற்குமேல் தனக்கும் தெரியாது என்றார். மாத முடிவுக்குள் நான் அதைச் சரிசெய்தால் வேலை எனக்காக இருக்கும், இல்லாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. இரண்டு தரம் "சொரி" சொன்னார். மாத முடிவுக்கு இருபத்திரண்டு நாட்கள் இருந்தன.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே கடன் கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நிறுவனம் இருக்கிறது. யார் எங்கே கட்டாமல் விட்டார்கள் என்பதை அது எழுதி வைத்துக்கொள்ளும். வீடு வாங்கப் போனாலும் சில வேலைகளுக்குப் போனாலும் அங்கே கேட்டுவிட்டுத்தான் மறு பேச்சு. ஊரிலும் கடன்காரனுக்கு ஒளிப்பு மறைப்பு கிடையாது. மீன் ஏலம் போடும் இடத்தில் வைத்தே கேட்டுவிடுவார்கள். ஆனால் அங்கே ஒருவன் கடனாளி என்றால் அது முதலில் அவனுக்குத் தெரியும். இங்கே அது கடைசியாகத்தான் அவனுக்குத் தெரிகிறது. எனது ரிப்போர்ட்டைக் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரே ஒரு தாள். என் பெயர், த்ரீ கிங்ஸில் நாங்கள் முன்பு இருந்த வீட்டின் விலாசம், அதன் கீழே ஒரு வரி. மருத்துவமனைக் கட்டணம், மூவாயிரத்து நானூற்றுப் பதினைந்து டொலர், உத்தரவாதம் அளித்தவர். நான் இந்த நாட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கத்தை வாசித்து, திகதியைப் பார்த்தபோதுதான் ஞானம்மாக்காவின் ஞாபகம் வந்தது.

ஞானம்மாக்கா எனக்குச் சொந்தமில்லை. அண்ணனோடு ஒரே படகில் தொழில் செய்து, இங்கேயும் அவனோடு வெங்காயக் கொட்டகையில் நின்ற சேவியரின் அக்கா. தாய் செத்த பிறகு சேவியரை வளர்த்தவர். அந்த நாட்களில் த்ரீ கிங்ஸ் வீட்டில் நானும் அண்ணனும் சேவியரும் அவனுடைய மனைவியும் ஒன்றாக இருந்தோம். மூன்று மாத விசாவில் தம்பியைப் பார்க்க வந்தவர், அவனுக்கென்று சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்த கருவாட்டை விமான நிலையத்திலேயே அதிகாரிகளிடம் பறிகொடுத்தார். குப்பைத்தொட்டிக்குள் போட்டார்கள், என் கண் முன்னாலே போட்டார்கள் என்று ஒரு வாரம் அழுதார். வந்து ஐந்தாம் வாரம் ஒரு காலையில், மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினி அடுப்புக்கு முன்னால் விழுந்தார். வீட்டில் நான் மட்டும்தான் நின்றேன். அம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன்.

பித்தப்பையில் கல், உடனே வெட்ட வேண்டும் என்றார்கள். பதிவு செய்யும் பெண் ஒரு தட்டில் படிவத்தைச் செருகிக்கொண்டு வந்தாள். தாளைக் கண்டதும், ஒருவரும் கேட்காமலே, ஞானம்மாக்கா இடது பெருவிரலை நீட்டினார். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. விரலில் காயமா என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள், அதற்கென்ன, ஒரு சிலுவைக் குறி போட்டால் போதுமே என்றாள். அதை நான் தமிழில் சொன்னதும் அந்த வலிக்குள்ளும் ஞானம்மாக்காவுக்குக் கோபம் வந்தது.

"சிலுவை சுவாமிக்குப் பிள்ளை. எனக்கு விரல் கிடக்கு. மையைக் கொண்டுவரச் சொல்லு."

திகதி முத்திரை குத்தும் ஊதா மைப் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். விரல் வைத்தார். தட்டு என் கைக்கு வந்தது. விரலடையாளத்துக்குக் கீழே ஒரு கோடு நீளமாக வெறுமையாக இருந்தது. என் வாழ்க்கையில் விரலடையாளத்துக்குக் கீழே இருக்கும் கோடு எனக்கு எதைத்தான் சொல்லியிருக்கிறது? அதன்மேல் என் முழுப் பெயரையும் எழுதினேன். குடும்பமா என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரே பானைச் சோறு சாப்பிடுகிறோம், வேறென்ன சொல்வது, யெஸ் என்றேன். "குட்" என்று சொல்லி அவள் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேருக்கும் திருப்தி.

இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரி இலவசம், பார்க்க வருகிறவர்கள் முழுக் காசும் கட்ட வேண்டும் என்பது பில் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்பது நாள், ஒரு ஒப்பரேஷன். தானே பார்த்துக்கொள்வதாகச் சேவியர் சொன்னான். விசா முடிந்து ஞானம்மாக்கா திரும்பிப் போனார். சண்டையால் பேசாலைக்குப் போக முடியாமல் புருஷனையும் பிள்ளைகளையும் தேடி மடு அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். சேவியர் குடும்பம் மெல்பேர்ணுக்குப் போய்விட்டது. அண்ணனும் நானும் கிளென் ஈடனுக்கு வீடு மாறினோம். பழைய விலாசத்துக்கு என் பெயரில் எத்தனை கடிதங்கள் வந்தனவோ, அங்கே பிறகு குடிவந்தவர்கள் எத்தனையைக் குப்பையில் போட்டார்களோ.

வசூல் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். என் கோப்பு கெவின் என்பவரிடம் இருந்தது. கடன் வசூலிப்பவர் என்றதும் ஊரிலே படகு முதலாளியான சம்மாட்டி அனுப்புகிற ஆட்களை நினைத்துக்கொண்டு, நெஞ்சை இறுக்கிக்கொண்டுதான் பேசினேன். கெவின் நல்ல மனிதர். படிவத்தின் பிரதியை அந்த நேரமே கடைக்கு ஃபக்ஸில் அனுப்பினார். ஊதா விரல் அதில் கறுப்புக் குழம்பாக விழுந்திருந்தது. அதன் கீழே ஒரு வசனம், அதன் கீழே என் பெயர். நோயாளி கட்டத் தவறினால் இந்தக் கட்டணத்தை நான் கட்டுவேன். பொடி எழுத்தில்கூட இல்லை. மற்ற எழுத்துகளின் அளவில்தான் இருந்தது.

மறுபடி கெவினைக் கூப்பிட்டேன். நான் சாட்சியாகத்தான் பெயர் வைத்தேன், எங்கள் நாட்டு வழக்கம் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் முழுதும் கேட்கவில்லை. கேட்காமலே உதவி செய்ய நினைத்தார்.

"இங்கே பார், டியர். இது அடிக்கடி நடப்பதுதான். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, என்ன எழுதியிருந்தது என்று விளங்கவில்லை என்று ஒரு சத்தியக் கடதாசி அனுப்பு. ஆஸ்பத்திரி உடனே உன் பெயரை எடுத்துவிடும். நோ வொரிஸ்."

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது என்று எழுது."

"அன்றைக்கும் தெரியும்."

"அப்படியென்றால் கடன் உன்னுடையது, இல்லையா?" என்றார். குரலில் கொஞ்சமும் கோபமில்லை. காசைக் கட்டினாலும் பெயர் போகாது, "கட்டப்பட்டது" என்று ஒரு சொல் சேரும், வரி ஐந்து வருடம் அப்படியே இருக்கும் என்றும் சொன்னார். ஜூடித்தின் நிறுவனத்துக்கு அந்தச் சொல் போதாது.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவன் வெங்காயச் சருகு ஒட்டிய காலுறையைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் சிரித்தான்.

"எனக்குக் கையெழுத்துத் தெரியாது. எனக்கொரு கடனும் இல்லை. பாத்தியா?"

"பகிடி விடாதை அண்ணன்."

"பகிடி இல்லையடி. அந்த வெள்ளைக்காரன் வழி சொல்லிப்போட்டான் தானே? வாசிக்கத் தெரியாதெண்டு எழுதிக் குடன். நான் வேலையில, வங்கியில, லைசன்ஸ் எடுக்கிற இடத்தில, எத்தினை இடத்தில சொல்லியிருப்பன்? சொன்னவுடனை ஆரோ வந்து உதவி செய்யுதுகள். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"உனக்கு உண்மையா வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அப்ப தெரிஞ்சவ ஏன் வாசிக்கேல்லை?"

அவன் அதைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அறிய விரும்பித்தான் கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. அவன் சாப்பாட்டுத் தட்டை நான் மேசையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் மெல்பேர்ணுக்கு எடுத்துச் சேவியரிடம் கேட்டேன். அவன் முதலில் பயந்தான், பிறகு எரிந்து விழுந்தான்.

"நான் கட்டாமல் ஓடினனான் எண்டே நினைக்கிறாய் தங்கச்சி? ரெண்டாயிரத்துக்கு மேல கட்டினனான். கடைசியில கையில காசில்லை, பிள்ளையும் பிறந்திட்டுது. நீ சைன் வைச்சது எனக்குத் தெரியவே தெரியாது. உன்ர பேரை எப்பிடியாவது எடு. அக்காட பேரில கிடந்தால் கிடக்கட்டும். மடுவுக்குப் போய் வசூலிக்கட்டுமன், ரெண்டு பக்கத்துச் சென்றிக் காவலையும் தாண்டிப் போய்."

"அவ திரும்பி வரவேணுமெண்டால்? விசாக் கேக்கேக்க பாப்பினம்."

"அவ எங்கை திரும்பி வாறது" என்றான். வெளிநாட்டு அழைப்புக்குக் காசு ஓடுகிறதென்று சொல்லி நான் தொலைபேசியை வைத்தேன்.

மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தபோது மேசையில் உட்கார்ந்து சத்தியக் கடதாசியை எழுதத் தொடங்கினேன். கெவின் சொன்ன வசனத்தை எழுத முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுத வாசிக்கத் தெரியும் என்பது எனக்கு ஒரு தகுதி மட்டும் அல்ல. அப்பா இறந்தபோது அவருடைய பெயரை மரணப் பதிவில் எழுதியது நான். அரசாங்கப் பதிவொன்றில் எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய பெயரை எங்கள் வீட்டுக் கையே எழுதியது அதுதான் முதல் தடவை. அதைத் தெரியாது என்று ஒரு வேலைக்காக எழுதிக் கொடுத்தால், பிறகு அந்த வேலையில் போய் நான் எதை எழுதுவது? ஆகவே உண்மையை எழுதுவோம், இந்த மனிதர்களுக்கு எங்கள் வழக்கத்தை விளக்குவோம் என்று நினைத்தேன். அழகான ஆங்கிலத்தில் தொடங்கினேன். எங்கள் ஊரில் எழுதத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைப்பார். எழுதத் தெரிந்த ஒருவர் கீழே பெயர் வைப்பார். அப்படிப் பெயர் வைப்பதற்கு முன் அவர் அந்தப் பத்திரத்தை, விரல் வைப்பவருக்குக் கேட்கும்படி, முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டுவார்.

அந்த இடத்தில் பேனை நின்றது.

வழக்கத்தின் உயிர் அதில்தான் இருந்தது. எங்கள் சின்னையா ஒருமுறை சம்மாட்டி நீட்டிய தாளில் நம்பி விரல் வைத்துவிட்டுப் படகையே இழந்தவர். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் வாசித்துக் காட்டாமல் ஒருவரும் விரல் வைக்க மாட்டார்கள். சங்கக் கடன் பத்திரத்தின் வட்டி வரியை நான் மூன்று தரம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். மையில் தொட்ட விரலை ஆகாயத்தில் பிடித்தபடி, "இன்னொருக்கா வாசி" என்று கேட்டுவிட்டு வைக்காமல் எழும்பிப் போனவர்களும் உண்டு. விரலுக்குக் கீழே வைக்கிற பெயர் விரலுக்குச் சாட்சி மட்டுமில்லை, கேட்டுத்தான் வைத்தார் என்பதற்கும் சாட்சி. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் வாசிக்கவில்லை. அவசரம், வலி, அம்புலன்ஸ் எல்லாம் உண்மை. ஆனால் படிவத்தை வாசிக்க ஒரு நிமிடம் போதும், மைப் பெட்டி தேடவே ஐந்து நிமிடம் எடுத்தார்கள். அந்த ஐந்து நிமிடமும் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த வெள்ளைக்காரப் பெண்ணோடு நல்ல ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்கும் ஞானம்மாக்காவுக்கும் காட்டிக்கொண்டு நின்றேன். நான் வாசித்திருந்தால் ஞானம்மாக்கா "எவ்வளவு பிள்ளை முடியும்?" என்று கேட்டிருப்பார். கட்டாயம் கேட்டிருப்பார். கருவாட்டுக்கு அழுதவர்.

எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். இந்த முறை நீளமாக எழுதவில்லை. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். இந்தத் தாளை நான் எனக்காகவும் வாசிக்கவில்லை, நோயாளிக்கும் வாசித்துக் காட்டவில்லை. அந்த விரல் ஞானம்மாவினுடையது என்று சொல்லவே கையெழுத்திட்டேன், பணத்துக்குப் பொறுப்பேற்க அல்ல. இவ்வளவுதான். வாசிக்கத் தெரியாது என்று எழுதுவதைவிட இதை எழுதுவது எனக்குக் கடினமாக இருந்தது.

இப்படியான கடதாசியை ஜே.பி. என்கிற சமாதான நீதவானின் முன்னால் வைத்துத்தான் கையெழுத்திட வேண்டும். கிளென் ஈடன் நூலகத்தில் சனிக்கிழமை காலையில் ஒருவர் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அரைக் காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறையும் அணிந்த மனிதர். எனக்கு முன்னால் நின்றவரின் நாய் அவருடைய மேசைக்கு அடியில் படுத்திருந்தது. என் தாளை அவர் வாசித்தார். பெருவிரல் என்ற இடத்தில் புருவம் உயர்ந்தது. இது உண்மை என்று வாயால் சொல்லச் சொன்னார். சொன்னேன். கையெழுத்திடச் சொன்னார். இட்டேன். பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பி, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இதில் நான் எழுதியது பொய் என்றால் உங்களைப் பிடிப்பார்களா?"

அவர் சிரித்துவிட்டார். "என்னையா? ஏன்? நீ நீதான் என்று மட்டும்தானே நான் சொல்கிறேன்."

முத்திரையைக் குத்தித் தந்தார். நூலக வாசலில் நின்று அந்த இரண்டு பெயர்களையும் பார்த்தேன். இந்த நாட்டிலும் இந்தச் சாட்சிப் பெயர் இருக்கிறது. இங்கே அதற்கு ஒரு மேசையும் முத்திரையும் இருக்கின்றன, பெயர் வைத்தவரின் தலையில் எதுவும் விழாதபடி சட்டமும் இருக்கிறது. எங்கள் தெருவில் அந்தச் சட்டம் இருக்கவில்லை.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவு என் விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. உத்தரவாதம் ரத்து, என் பெயரிலிருந்த வரி நீக்கப்படும், பாக்கித் தொகை இனி நோயாளியின் பெயரில் மட்டும் நிற்கும். ஜூடித்துக்கு அதை ஃபக்ஸில் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டு, திங்கட்கிழமை வா என்றார். மருந்துக்கடையில் இந்த முறை அவர்கள் எனக்குக் கேக் வாங்கினார்கள். அண்ணன் புக்கெகோஹியிலிருந்து ஒரு மூட்டை வெங்காயம் கொண்டுவந்து, "கணக்குப்பிள்ளை அம்மாவுக்கு" என்று வாசலில் வைத்தான்.

புது வேலையில் சேர்ந்து மூன்றாம் வாரம் கெவினின் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் பெயருக்கு அல்ல. ஞானம்மா, மேற்பார்வை பிலோமினா, கிளென் ஈடன். அவருக்கு அவர்களிடம் வேறு விலாசம் இல்லை, என் சத்தியக் கடதாசியில்தான் என் விலாசம் இருந்தது. மூவாயிரத்து நானூற்றுப் பதினைந்து டொலர். கீழே கிழித்து அனுப்ப ஒரு துண்டு.

"கிழிச்சுப் போடு. உனக்கும் அதுக்கும் இப்ப ஒரு சம்பந்தமும் இல்லை" என்றான் அண்ணன்.

"ஓம், இல்லை" என்றேன். இந்த நாட்டின் கணக்கில் உண்மையாகவே இல்லை. அதற்கு எழுத்தில் அத்தாட்சி இருக்கிறது.

கெவினைக் கூப்பிட்டு, மாதம் அறுபது டொலர்படி கட்டினால் ஏற்பீர்களா என்று கேட்டேன். நீ கட்டத் தேவையில்லையே என்றார். நான் கட்டவில்லை, ஞானம்மா கட்டுகிறார் என்றேன். ஏறக்குறைய ஐந்து வருடம் எடுக்குமே என்றார். எடுக்கட்டும் என்றேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது, அட்டவணையை அனுப்பி வைத்தார். சேவியருக்கும் எழுதினேன். இடைக்கிடை இருபது டொலர் அனுப்புகிறான், கடிதம் எழுதுவதில்லை. ஞானம்மாக்காவுக்கு இதை நான் இன்னும் எழுதவில்லை. எழுதினால் மடுவில் யாரோ ஒரு பிள்ளை அதை அவருக்குக் கேட்க வாசிக்க வேண்டும். மரத்தடியில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முழுதும் கட்டி முடித்த பிறகு, ஒரே வரியில் எழுதலாம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து ரயிலால் இறங்கி, கிளென் ஈடன் தபால் கடைக்குப் போகிறேன். அன்றைக்குப் பகல் முழுவதும் நகரத்தில் நான் பிலோமினா. என் மேசையில் பெயர்ப் பலகை இருக்கிறது, என் ரிப்போர்ட்டில் ஒரு வரியும் இல்லை. தபால் கடையில் சமோவாக்காரப் பெண் ஒருத்தி காசை எண்ணித் துண்டில் முத்திரை குத்துவாள். முதல் மாதம் துண்டிலிருந்த பெயரைப் பார்த்து, இதை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அடுத்த மாதம் நான் வரிசையில் நிற்கும்போதே கையைத் தூக்கி அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டாள். திருத்தலாம் என்று வாய் எடுத்தேன். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இப்போது ஐந்து மாதமாகிறது, அவளுடைய உச்சரிப்பு நன்றாகத் திருந்திவிட்டது. போன வெள்ளி அறுபது டொலரை எண்ணிவிட்டு, பற்றுச்சீட்டை என் பக்கம் தள்ளி, "எப்படி இருக்கிறாய் ஞானம்மா? உடம்பெல்லாம் சுகமா?" என்றாள். ஆஸ்பத்திரியின் பெயரைத் துண்டில் பார்த்திருப்பாள்.

"சுகம்" என்றேன். "இப்ப ஒரு வலியும் இல்லை."